பற்களும் பெண்களும்: கம்பி போடுமுன், வெண்மையாக்குமுன் அறிந்திருக்க வேண்டியவை

எமது பிரதேசத்துப் பெண்கள் கூடியிருக்கும் இடங்களில் ஒரு விடயத்தைக் காணக்கூடியதாக உள்ளது. ஒரு பகிடி வந்து எல்லோரும் சிரிக்கும்போது சிலர் முந்தானையை அல்லது முக்காட்டின் நுனியை வாயருகே கொண்டுபோவார்கள். வெட்கம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பலருக்கு முன்வாயில் ஒரு பல் இல்லை. சிலருக்கு வெற்றிலைக் கறை. இன்னும் சிலருக்குப் பல் தெத்தி நிற்கிறது. சிரிப்பை மறைப்பது அவர்களுக்குப் பழகிப்போய்விட்டது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என எந்த ஊரில் மாதர் சங்கக் கூட்டத்துக்குச் சென்றாலும், கூட்டம் முடிந்த பின்னர் சில தாய்மார் தனியாக வந்து கேட்பதுண்டு. "மிஸ், மகள்ட பல் கொஞ்சம் மிதப்பு. கம்பி போட்டாச் சரி வருமா? எவ்வளவு முடியும்?" என்பார் ஒருவர். "கட்டாரில இருந்து மாமி பல்லு வெள்ளையாக்கிற கிறீம் ஒண்டு அனுப்பியிருக்கா. புள்ளைக்குப் பூசலாமா மிஸ்?" என்பார் இன்னொருவர். இக்கேள்விகளை அற்பமானவையாக எண்ணிவிட முடியாது. கலியாணப் பேச்சில் மகளின் பல்லைப் பற்றி யாரோ சொன்ன ஒரு வார்த்தை அவற்றின் பின்னால் இருக்கிறது. கணவனை இழந்து, தையல் மெஷினிலோ இடியப்பத் தட்டிலோ குடும்பத்தைக் கொண்டு செல்லும் ஒரு தாயின் சேமிப்பும் இருக்கிறது.

அந்தச் சேமிப்பைச் சரியான இடத்தில் செலவு செய்வதற்கும், செலவே இல்லாமல் கிடைக்கக்கூடியதைப் பெற்றுக்கொள்வதற்கும் சில விடயங்களை நாம் அறிந்திருத்தல் அவசியம். அவற்றில் முதன்மையானது ஒழுங்கு. முதலில் நோய், அடுத்து வரிசை, கடைசியில் நிறம். இந்த ஒழுங்கை மாற்றும்போதுதான் காசும் போகிறது, பல்லும் போகிறது.

பற்கள் ஏன் இந்த நிலைக்கு வந்தன?

யுத்த காலத்தில் பல்வலிக்கு வைத்தியசாலை செல்வதை யாரும் முக்கியமாகக் கருதவில்லை. ஊரடங்கும், சோதனைச் சாவடிகளும், இடம்பெயர்வும் இருந்த காலத்தில் உயிரைக் காப்பதே பெரிய காரியமாக இருந்தது. கராம்பை நசுக்கி வைத்து வலியை அடக்கினோம். தாங்க முடியாதபோது பல்லைப் பிடுங்கினோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமி, மீதமிருந்த வீடுகளையும் வருமானத்தையும் கொண்டுபோனது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவடைந்தது. ஆனால் அக்காலத்தில் கவனிக்கப்படாத சூத்தைப் பற்களும் கரைந்த முரசும் இன்றும் பல பெண்களின் வாயில் உள்ளன.

மனக்கவலையும் பல்லைத் தாக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பயமும் பதற்றமும் நீண்டகாலம் இருந்தவர்கள் நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பதுண்டு. இதனால் பல் தேயும், வெடிக்கும். காலையில் எழும்பும்போது தாடையும் கன்னப்பொறியும் நோகும். தலையிடி என்று பல வருடங்களாகக் குளிசை போடும் சிலருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். இதனைப் பல் வைத்தியரிடம் சொன்னால் இரவில் அணிவதற்கு ஒரு தட்டுச் செய்து தருவார். தேவைப்பட்டால் மனநல கிளினிக்குக்கும் அனுப்பி வைப்பார்.

வெற்றிலையும் அப்படித்தான். துக்கத்துக்கும் பசிக்கும் துணையாக வாயில் போட்ட வெற்றிலை பிறகு விடாமல் ஒட்டிக்கொண்டது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்குத் தனியாகவே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியுள்ளது. இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளையான அல்லது சிவந்த படலம், உறைப்புச் சாப்பிட்டால் எரிவு, வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை ஆகிய அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். இங்கே கறையைப் போக்குவது பற்றிய பேச்சே இரண்டாவதுதான்.

பல் வைத்தியரை எங்கே தேடுவது?

பல் வைத்தியம் என்றவுடன் பலருக்கும் தனியார் கிளினிக்கின் கட்டணம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அரசாங்கத்தின் இலவசச் சேவை எமக்கு மிக அண்மையிலேயே உள்ளது. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் ஆகிய இடங்களிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. ஆதார வைத்தியசாலையில் பல் சிகிச்சைப் பிரிவும் இயங்கும். காலையிலேயே சென்று துண்டு எடுத்துக்கொண்டால் அன்றே வைத்தியரைக் காணலாம். பல் பிடுங்குதல், சூத்தை அடைத்தல், பற்காறை அகற்றுதல், வாய்ப்புண்ணைப் பரிசோதித்தல் ஆகியவற்றை அங்கே செய்துகொள்ளலாம்.

எந்த ஊரில் எந்தப் பிரிவு எந்த நாளில் நடக்கிறது என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உங்கள் வீட்டுக்கு வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்பது. நாம் மிட்வைஃப் என்று அழைப்பவர் அவரே. மற்றையது, உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிப்பது. கரையோர ஊர்கள் யாவும் கல்முனை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தின் கீழ் வருகின்றன. இப்பிராந்தியத்தின் பல் வைத்திய சேவைகளைக் கவனிப்பதற்கென அங்கே ஒரு பிராந்திய பல் வைத்திய அதிகாரி இருக்கிறார்.

பிள்ளைகளுக்கு வேறொரு வாசலும் உண்டு. அதுதான் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம். நியூசிலாந்து 1921 இல் பெண்களைப் பற்தாதியராகப் பயிற்றத் தொடங்கியது. அந்த முறையைப் பின்பற்றியே இலங்கையிலும் இச்சேவை கட்டியெழுப்பப்பட்டது. 3 வயது முதல் 13 வயது வரையான பிள்ளைகளின் பற்களைப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இலவசமாகக் கவனிக்கின்றனர். பிள்ளையின் பல் தெத்தி வருகிறதா என்பதை முதலில் கண்டு சொல்லக்கூடியவரும் இவரே. பற்சிகிச்சைக்கு வரும்படி பாடசாலையில் இருந்து துண்டு வந்தால் அதனைப் புத்தகப் பையிலேயே விட்டுவிடாதீர்கள்.

கர்ப்பிணித் தாய்மாரையும் கிளினிக்கில் பல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கட்டாயம் போங்கள். கர்ப்ப காலத்தில் முரசு வீங்கி இரத்தம் கசிவது சாதாரணமாக நடக்கக்கூடியது. கவனித்தால் சரியாகும். பல் சிகிச்சை செய்துகொள்ள நான்காம் மாதத்தில் இருந்து ஆறாம் மாதம் வரை மிகவும் வசதியான காலமாகும். ஆனால் வலியோ வீக்கமோ இருந்தால் எந்த மாதத்திலும் காட்டலாம். 'ஒரு பிள்ளைக்கு ஒரு பல் போகும்' என்று மூத்தவர்கள் சொல்வது உண்மையல்ல. பிள்ளை தாயின் பல்லில் இருந்து கல்சியத்தை எடுப்பதில்லை.

தனியாரிடம் செல்வதாயின்

நேரம் கிடைக்காமல், அல்லது அரச வைத்தியசாலையில் செய்யாத ஒரு சிகிச்சைக்காகத் தனியார் கிளினிக்குக்குச் செல்ல வேண்டி வரலாம். அப்போது பெயர்ப் பலகையின் வெளிச்சத்தைப் பார்த்து நம்பிவிட முடியாது. இலங்கையில் பல் வைத்தியம் செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். அச்சபையின் இணையத்தளத்தில் வைத்தியரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கையில் போன் வைத்திருக்கும் மகளிடம் சொன்னால் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவாள். தனியார் கிளினிக்குகளும் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுச் சான்றிதழைப் பார்க்கக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. அது உங்கள் உரிமை.

செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பவியலாளர் வேறு, பல் வைத்தியர் வேறு. வீட்டுக்கு வந்து பல் கட்டித் தருகிறேன் என்பவரையும், சந்தைப் பக்கத்தில் குறைந்த காசுக்குப் பல் பிடுங்குபவரையும் நம்பி வாயைத் திறக்காதீர்கள். ஆயுதங்களைச் சரியாகக் கிருமி நீக்காவிட்டால் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் ஒருவரில் இருந்து இன்னொருவருக்குத் தொற்றலாம்.

சிகிச்சை தொடங்கும் முன்னர் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு என்ன நோய்? எத்தனை தடவை வர வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு? செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? செலவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அவசரப்படுத்தி அன்றே முழுக் காசையும் கேட்டால், வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வரலாம்.

நாமும் வைத்தியரிடம் சிலவற்றை மறைக்கக்கூடாது. சீனி வருத்தம், பிரஷர், இதய நோய், இரத்தத்தை இளக்கும் குளிசை, ஒத்துக்கொள்ளாத மருந்து, கர்ப்பம் ஆகியவற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முகத்திலோ கழுத்திலோ செல் துண்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு முரசு நோய் விரைவாக வரும். முரசு நோயால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

பல் வைத்தியரின் கதிரையில் மல்லாந்து படுத்ததும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். யுத்தத்தில் பயங்கரங்களைக் கண்டவர்களுக்கு இது நேர்வதில் புதுமை இல்லை. "எனக்குப் பயம் இருக்கிறது, கையை உயர்த்தினால் நிறுத்துங்கள்" என்று முன்கூட்டியே சொல்லலாம். ஆண் வைத்தியராக இருந்தால் துணைக்கு ஒருவரை உள்ளே அழைத்துச் செல்லலாம். பெண் வைத்தியர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டும் போகலாம். நோன்பு காலமாயின் அவசரமில்லாத சிகிச்சையைப் பெருநாளுக்குப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் பிற்போட வேண்டாம். முகம் வீங்கி விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸை வரவழையுங்கள். பல்லில் தொடங்கிய கிருமி உயிரையும் பறிக்கக்கூடியது.

கம்பி போடுதல் என்றால் என்ன?

பல் எலும்பில் ஆணி அடித்தது போல் இறுகியிருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் மெதுவான அழுத்தம் தொடர்ந்து கிடைத்தால் பல் நகரும். அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரையும். மறுபக்கத்தில் புதிய எலும்பு வளரும். இதுவே கம்பியின் வேலை. ஒவ்வொரு பல்லிலும் ஒரு சிறு கொளுவியை ஒட்டி, அவற்றினூடாக மெல்லிய கம்பியைச் செலுத்துவார்கள். கம்பி தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயலும்போது பல்லையும் இழுத்துச் செல்லும். எலும்பு கரைந்து வளர்வதற்குக் காலம் வேண்டும். ஆகவே, பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருடங்கள், சிலருக்கு அதற்கும் மேல் செல்லும். நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை சென்று காட்ட வேண்டும். 'ஆறு கிழமையில் நேராக்கித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

இச்சிகிச்சைக்கென மேற்படிப்புப் படித்தவரே பற்சீரமைப்பு விசேட வைத்திய நிபுணர். பெரிய வைத்தியசாலைகளில் உள்ள பற்சீரமைப்புப் பிரிவுகளில் இது இலவசமாகச் செய்யப்படுகிறது. கொழும்பில் தேசிய பல் வைத்தியசாலையும், பேராதனையில் போதனா பல் வைத்தியசாலையும் உள்ளன. முதலில் உங்கள் ஊர் ஆதார வைத்தியசாலையின் பல் பிரிவில் காட்டி, அங்கிருந்து கடிதம் பெற்றுச் செல்வதே முறை. எங்கே அனுப்புவார்கள், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். காத்திருப்போர் அதிகம். கடிப்பதற்கோ பேசுவதற்கோ சிரமமுள்ள பிள்ளைகளுக்கும், பிளவுற்ற அண்ணத்துடன் பிறந்தவர்களுக்கும் முன்னுரிமை கிடைக்கும். எனவே, நேரத்தோடு பெயரைப் பதிந்து வைப்பது நல்லது.

எப்போது காட்டுவது? ஏழு வயதளவில் ஒருமுறை காட்டிவிட்டால் போதும். பெரும்பாலும் கம்பி போடுவது பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள்தான். எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்களுக்கிடையே இடைவெளி தெரிந்து தாய்மார் கவலைப்படுவார்கள். கோரைப்பல் இறங்கும்போது அநேகமாக அது தானாகவே மூடிவிடும். வயது கடந்துவிட்டது என்றும் கவலை வேண்டாம். முரசும் எலும்பும் ஆரோக்கியமாக இருந்தால் முப்பது, நாற்பது வயதிலும் கம்பி போடலாம்.

சில தெத்துப்பற்களைத் தடுத்துக்கொள்ளவும் முடியும். 'பாற்பல்தானே, விழத்தானே போகிறது' என்று சூத்தையை விட்டுவிடுகிறோம். பாற்பல் நேரத்துக்கு முன் விழுந்தால் பக்கத்துப் பற்கள் சரிந்து, வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆறு வயதில் கடைவாயில் முளைக்கும் பெரிய பல்லைப் பாற்பல் என்று பலர் எண்ணுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல். விரல் சூப்பும் பழக்கத்தையும் நிரந்தரப் பல் முளைக்கும் முன்னரே நிறுத்திவிட வேண்டும்.

கம்பி போடுமுன் நல்ல வைத்தியர் எக்ஸ்ரே எடுப்பார், பல்லின் அச்சை எடுப்பார், சூத்தையை அடைப்பார், முரசைச் சுத்தம் செய்வார். இடம் போதாவிட்டால் சில பற்களைப் பிடுங்கவும் நேரிடலாம். இவை எதுவும் இல்லாமல் நேரே கம்பியை ஒட்டுபவரிடம் போகக்கூடாது. கம்பி போட்ட முதல் சில நாட்கள் பல் நோகும். கஞ்சி, இடியப்பம், சொதி போன்ற மென்மையான உணவு போதும். கரும்பு, முறுக்கு, வறுத்த கடலை, ஐஸ் கட்டி, டொபி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னரும் பல் துலக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி கழற்றும்போது பல் நேராக இருக்கும், ஆனால் வெள்ளைத் தழும்புகளும் சூத்தையும் மிஞ்சும். கம்பியைக் கழற்றிய பின் பல் மீண்டும் பழைய இடத்துக்குச் செல்லாதிருக்க ஒரு தட்டு அணிய வேண்டும். அதனை அணியாமல் விட்டவர்களின் இரண்டு வருட உழைப்பு சில மாதங்களில் வீணாகிவிடும்.

அழகுக்காகப் போடும் போலிக் கம்பி

தாய்லாந்து, மலேசியா போன்ற நாடுகளில் நிறக்கம்பி அணிவது பெஷனாகியது. பல் வைத்தியம் படிக்காதவர்களும் அழகு நிலையங்களிலும் வாடகை அறைகளிலும் அதனை ஒட்டத் தொடங்கினர். மலேசியாவின் மலாக்காவில், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு கம்பி ஒட்டி வந்த 20 வயது யுவதிக்கு 2017 இல் நீதிமன்றம் 70,000 ரிங்கிட் தண்டம் விதித்தது. தாய்லாந்து அத்தகைய கம்பிகளின் விற்பனையைத் தடை செய்தது. தவறான அழுத்தத்தால் பல் ஆடும், வேர் கரையும். மலிவான உலோகத்தால் வாய் புண்ணாகும். இன்று பேஸ்புக் விளம்பரம் எங்கள் ஒழுங்கைக்குள்ளும் வந்துவிட்டது. அழகு நிலையத்தில் முகத்துக்குப் பூசலாம், மருதோன்றி போடலாம். பல்லை மட்டும் அங்கே கொடுக்காதீர்கள்.

வெண்மையாக்கல்: எது உண்மை?

பாற்பல்தான் பால் போல் வெண்மையாக இருக்கும். நிரந்தரப் பல்லின் இயற்கை நிறம் சற்று மஞ்சள். மேலுள்ள மிளிரி கண்ணாடி போன்றது. அதன் கீழுள்ள பகுதி மஞ்சள் நிறம். வயது செல்லச் செல்ல மிளிரி தேய்ந்து மஞ்சள் கூடுதலாகத் தெரியும். தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் பற்களுடன் மகளின் பற்களை ஒப்பிட்டு அவளை வருத்த வேண்டியதில்லை.

நிறம் மாறியிருந்தால் அதன் காரணத்தை அறிய வேண்டும். தேநீர், வெற்றிலை, இரும்புச்சத்து மருந்து ஆகியவற்றின் கறை பல்லின் மேலே படிவது. இதனைப் போக்க வெண்மையாக்கல் தேவையில்லை. ஆதார வைத்தியசாலையில் பற்காறையை அகற்றி மினுக்கினாலே பெருமளவு போய்விடும். 'கிளீன் பண்ணினால் பல் ஆடும்' என்பது தவறு. பற்காறையால் ஏற்கெனவே கரைந்த முரசுதான் பல்லை ஆடவைக்கிறது. காறை நீங்கியதும் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். உலர் வலயத்தின் சில பகுதிகளில் கிணற்று நீரில் புளோரைட் அதிகம் உள்ளது. சிறுவயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டுகளும் கபிலக் கோடுகளும் இருக்கும். கர்ப்ப காலத்திலோ எட்டு வயதுக்குள்ளோ டெட்ராசைக்ளின் என்ற மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் பல்லும் சாம்பல் நிறமாகலாம். இவை பல்லின் உள்ளே உள்ள நிறங்கள். தேய்த்தால் போகாது. அடிபட்டு ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் அதன் நரம்பு இறந்திருக்கக்கூடும். அதற்கு வேண்டியது வேர்ச் சிகிச்சை.

வைத்தியர் செய்யும் வெண்மையாக்கலில் பயன்படுவது ஐதரசன் பெரொக்சைட் அல்லது அதனை வெளிவிடும் ஒரு பசை. அது மிளிரியினுள் ஊடுருவி நிறப்பொருளைச் சிதைக்கும். அடைத்த பல், செயற்கைப் பல் ஆகியவற்றின் நிறம் இதனால் மாறாது. சில நாட்களுக்குப் பல் கூசும். தேநீரும் வெற்றிலையும் தொடர்ந்தால் நிறம் மீண்டும் வரும். சூத்தை அல்லது முரசு நோய் உள்ள வாயில் இதைப் பூசினால் கடும் வலி ஏற்படலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டுப் பணிப்புரைப்படி 0.1 சதவீதத்துக்கு மேல் பெரொக்சைட் உள்ள வெண்மையாக்கும் பொருளை நேரடியாகப் பாவனையாளருக்கு விற்க முடியாது. 6 சதவீதம் வரை பல் வைத்தியரின் மேற்பார்வையில் மட்டுமே பாவிக்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பாவிக்கக்கூடாது. வெளிநாட்டில் இருந்து வந்த பொதியில் இந்த அளவு எழுதப்படாதிருந்தால் அதனை ஒருபுறம் வைத்துவிடுவதே புத்தி. மாமி அன்போடு அனுப்பியதாயினும் பல் நம்முடையது.

எலுமிச்சம்புளி, உப்பு, அப்பச்சோடா, கரித்தூள், சாம்பல் ஆகியவற்றால் தேய்க்கும் வழக்கமும் உண்டு. புளி மிளிரியைக் கரைக்கும், தூள் அதனைச் சுரண்டும். முதலில் வெள்ளையாகத் தெரியும். பிறகு உள்ளே உள்ள மஞ்சள் வெளிவரும், பல் கூசும். போன மிளிரி திரும்ப வளராது. புளோரைட் உள்ள பற்பசையால் காலையிலும், இரவு படுக்குமுன்னும் இரண்டு நிமிடம் துலக்குவதே மிக மலிவான பாதுகாப்பு. மிஸ்வாக் பாவிப்பவர்கள் முரசைக் கீறாமல் மெதுவாகத் தேய்த்து, பற்பசையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கலியாணமும் பல்லும்

எமது கிழக்குப் பகுதியில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதே ஒரு தாயின் வாழ்நாள் உழைப்பாக உள்ளது. அதற்கு மேல் நகை, அதற்கு மேல் பல் என்று பட்டியல் நீள்கிறது. கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது நுண்கடன் எடுத்துப் பல்லைச் சரிசெய்ய ஓடுவதால் பயனில்லை. மூன்று மாதத்தில் எந்தப் பல்லும் முறையாக நகராது. பெண்ணின் பல்லைப் பார்த்து விலை பேசும் மனப்பாங்கைக் கம்பியால் நேராக்கவும் முடியாது. சமூகத்தில் அதை நேராக்க வேண்டியவர்கள் நாம் எல்லோரும். மகள் தனக்காக, நன்றாகக் கடிக்கவும் துலக்கவும் கூச்சமின்றிப் பேசவும் விரும்பினால் கம்பி நல்ல சிகிச்சையே. அந்த முடிவில் அவளுடைய சொல்லுக்கும் இடம் இருக்க வேண்டும்.

அடிபட்டு உடைந்த பல்

இதையும் சொல்லாமல் விட முடியாது. விழுந்ததால் பல் உடைந்தது என்று சொல்லும் எல்லாப் பெண்களும் விழுந்தவர்கள் அல்லர். எமது தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவின்படி, அடித்துப் பல்லை உடைப்பது கடுங்காயம் என்ற வகைக்குள் அடங்கும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் உள்ளது. வைத்தியரிடம் உண்மையைச் சொன்னால் அது பதிவாகும். பின்னாளில் அப்பதிவு உங்களுக்குத் துணையாக நிற்கும். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

தாயின் வாயும் முக்கியம்

மகளின் பல்லுக்காகக் கேட்கும் தாய்மாரிடம் "உங்கட பல் எப்படி?" என்று கேட்டால், "எனக்கென்ன மிஸ், வயசு போயிற்று" என்றே பதில் வருகிறது. நாற்பது வயதில் சொல்லும் பதில் அது. கடைவாய்ப் பல் இல்லாதவர் இறைச்சியையும் கடலையையும் மரக்கறியையும் ஒதுக்கி, சோற்றையும் ஆணத்தையும் விழுங்கி எழும்பிவிடுகிறார். வீட்டின் முழுப் பாரத்தையும் சுமக்கும் உடம்புக்கு அந்தச் சாப்பாடு போதாது. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்ற பயத்தில் வருடக்கணக்காக வலியைச் சுமப்பவர்களும் உள்ளனர். பல்லுக்கும் பார்வைக்கும் அப்படி ஒரு தொடர்பு இல்லை.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை மகளை அழைத்துக்கொண்டு பல் பிரிவுக்குச் செல்லும்போது துண்டு இரண்டு எடுங்கள். ஒன்று மகளுக்கு, மற்றையது உங்களுக்கு. அரச வைத்தியசாலையில் இரண்டாவது துண்டுக்கும் காசு இல்லை.